இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடம்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நண்பருடைய கணினியின் முன்னால் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். உலாவியைத் திறந்தால் அவர் அமைத்து வைத்திருந்த முகப்புப் பக்கம் வராது; கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கும். மாற்றி வைத்தால், கணினியை அணைத்துத் திறந்ததும் மறுபடியும் அதே பக்கம். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். எந்த அர்த்தமும் இல்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். கண் இமைப்பதற்குள் அது மீண்டும் வந்துவிட்டது. கூர்ந்து கவனித்தபோதுதான் அப்படி ஓடுபவை இரண்டு என்று தெரிந்தது. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை எழுப்பிவிடும். இரண்டாவதை நிறுத்தினால் முதலாவது அந்த வேலையைச் செய்யும். இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்த என் கைக்கு வேகம் போதவில்லை.

கடைசியில் கணினியை, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, அந்த இரட்டையர் விழித்துக்கொள்வதற்கு முன்பே அவற்றின் கோப்புகளை அழித்தேன். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஒரு விஷயம் மனதைவிட்டு அகலவில்லை. இதை எழுதியவர், நான் அடுத்து எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் நிறுத்துவேன் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு பதிலும் எழுதி வைத்திருக்கிறார்.

உளவு மென்பொருளைத் தயாரிப்பவர்களுக்கும் அதை எதிர்க்கும் மென்பொருளை எழுதுபவர்களுக்கும் இடையிலான போராட்டத்தைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல தொடக்கம். கணினி வைரஸ் பற்றிப் பேசும்போது நோய், மருந்து என்ற உவமை வழக்கமாக வந்துவிடும். அது இங்கே பொருந்தாது. நோய்க்கிருமி மருத்துவரின் கையேட்டைப் படித்துவிட்டு வருவதில்லை. உளவு மென்பொருளை எழுதுபவர் படித்துவிட்டுத்தான் வருகிறார்.

முதலில் உளவு மென்பொருள் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்பைவேர் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்ததுதான். வைரஸின் குறி பரவுவது: ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. உளவு மென்பொருளுக்குப் பரவ வேண்டிய கட்டாயம் இல்லை. அது ஒரு கருவிக்குள் நுழைய வேண்டும், அங்கே தங்க வேண்டும், பார்த்ததை வெளியே அனுப்ப வேண்டும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற விவரமாக அது இருக்கலாம். தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தாகவும், உங்கள் அறையில் நடக்கும் உரையாடலாகவும் இருக்கலாம். அளவு மாறும், அந்த மூன்று வேலைகள் மாறுவதில்லை. அதைப் பிடிக்க நினைப்பவர்கள் அந்த மூன்றில் எங்காவது ஓரிடத்தில்தான் காத்திருக்க முடியும்.

பெயர் வைப்பதில் தொடங்கிய சண்டை

2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க மென்பொருளாளர் ஸ்டீவ் கிப்சன் தன் கணினியில் தான் அறியாமலே ஒரு விளம்பர மென்பொருள் குடியேறியிருப்பதைக் கண்டார். இலவசமாகக் கிடைத்த வேறொரு புரோகிராமோடு சேர்ந்து வந்து, பின்னணியில் இணையத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அதை நீக்க அவர் எழுதிய 'ஆப்ட்அவுட்' என்ற சிறிய கருவியையே முதல் உளவு எதிர்ப்பு மென்பொருள் என்று பலரும் சொல்கிறார்கள். அதே காலத்தில் 'ஆட்-அவேர்', 'ஸ்பைபாட்' போன்ற இலவசக் கருவிகளும் பரவின. அந்தக் காலத்துக் கணினிகளைச் சுத்தம் செய்த யாருக்கும் இந்தப் பெயர்கள் மறந்திருக்காது.

பிடிபட்டவர்கள் ஓடி ஒளிந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் வழக்கறிஞரை அழைத்தார்கள். காரணம், அன்று இதைச் செய்தவர்களில் பலர் முகவரி இல்லாத திருடர்கள் அல்லர். அலுவலகமும் முதலீட்டாளர்களும் உள்ள நிறுவனங்கள். 'கேட்டர்' என்ற நிறுவனம் கடவுச்சொற்களை நினைவில் வைத்துத் தரும் ஒரு வசதியை இலவசமாகக் கொடுத்தது. கூடவே, மக்கள் எங்கெங்கே போகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ற விளம்பரங்களைத் திரையில் எழுப்பியது. 'பிசி பிட்ஸ்டாப்' என்ற நிறுவனம் தன் தளத்தில் இதை ஸ்பைவேர் என்று எழுதியதும், 2003-இல் கேட்டர் அவதூறு வழக்கு தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது; அந்தப் பக்கங்கள் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டில் கேட்டர் தன் பெயரையும் 'கிளாரியா' என்று மாற்றிக்கொண்டது.

அவர்களுடைய வாதம் எளிமையானது: "எங்கள் மென்பொருளை நிறுவியபோது பயனர் 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார். சம்மதத்தோடு வந்ததை உளவு என்று எப்படிச் சொல்லலாம்?" சட்டத்தின் கண்ணுக்கு அது நிஜமான கேள்விதான். ஆனால் அந்தச் சம்மதம், யாரும் படித்து முடிக்க முடியாத நீண்ட ஒப்பந்தத்தின் நடுவே ஒரு வரியாகப் புதைக்கப்பட்டிருந்தது. யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதப்பட்ட ஒன்றுக்குப் பெறப்பட்ட சம்மதத்தை நான் சம்மதமாகக் கருதவில்லை. இந்தப் போராட்டத்தின் நியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

எனவே எதிர்ப்பு மென்பொருளை எழுதுபவர்களுக்கு முதல் தலைவலி தொழில்நுட்பம் அல்ல. எதை ஸ்பைவேர் என்று பட்டியலில் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான். இதைக் கூட்டாக முடிவு செய்ய 'கோஸ்ட்' என்ற கூட்டமைப்பு 2003-இல் உருவானது. விளம்பர மென்பொருளால் பெயர்பெற்ற '180சொல்யூஷன்ஸ்' நிறுவனத்தை 2005-இல் அது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதும், முக்கிய நிறுவனங்கள் வெளியேறின, கூட்டமைப்பு கலைந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஆகிவிட்ட பின் அதில் யார் இருப்பார்கள்? அதே ஆண்டில் 'உளவு மென்பொருள் எதிர்ப்புக் கூட்டணி' என்ற வேறோர் அமைப்பு கூடி, எது உளவு மென்பொருள் என்பதற்கு ஒரு பொது வரையறையை எழுதி வெளியிட்டது. பயனரின் உண்மையான சம்மதமும் கட்டுப்பாடும் இருக்கிறதா என்பதே அதன் மையம்.

180சொல்யூஷன்ஸ் பின்னர் 'ஸாங்கோ' என்று பெயர் மாறியது. தன் மென்பொருளைத் தடுத்ததற்காக பாதுகாப்பு மென்பொருள் தயாரிக்கும் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் மேல் அது வழக்குப் போட்டது. 2009-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: ஆட்சேபத்துக்குரியது என்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் கருதும் மென்பொருளைத் தடுக்கும் கருவியைத் தந்ததற்காக அதன்மேல் வழக்குத் தொடர முடியாது என்று. எதிர்ப்பு மென்பொருள் எழுதுபவர்கள் அன்றுதான் சற்று நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார்கள். ஆனால் 2019-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஓர் எல்லையும் போட்டது. போட்டி நிறுவனத்தின் வியாபாரத்தைக் கெடுக்கும் நோக்கில் அதன் மென்பொருளைத் 'தேவையற்றது' என்று முத்திரை குத்தினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்த வழக்கில் இரு தரப்புமே பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள்தான். காவலரின் கையில் இருக்கும் முத்திரையும் தவறாகப் பயன்படலாம் என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு கூட்டமும் இடையில் புகுந்தது: 'உங்கள் கணினியில் பல ஸ்பைவேர்கள் உள்ளன, உடனே வாங்குங்கள்' என்று திரையில் அலறிப் பணம் பறித்த போலி எதிர்ப்பு மென்பொருள்கள். 'ஸ்பைஷெரிஃப்', 'வின்ஃபிக்ஸர்' ஆகியவை அந்த வகை. காவலர் சீருடையில் வந்த திருடர்கள் அவர்கள். உண்மையான எதிர்ப்பு மென்பொருள்களின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையையும் சேர்த்தே திருடினார்கள்.

ஒளிவதும் தேடுவதும்

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். எதிர்ப்பு மென்பொருள் ஒன்றை எப்படி அடையாளம் காண்கிறது? பழைய வழி கைரேகை. ஒரு கோப்பிலுள்ள எல்லாத் தரவையும் ஒரு கணக்கீட்டில் போட்டால் நீளமான ஓர் எண் கிடைக்கும். அந்தக் கோப்புக்கே உரியது அந்த எண். தீய கோப்புகளின் எண்களைத் திரட்டிவைத்து, உங்கள் கணினியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வேகமான வழி, தவறும் குறைவு. ஆனால் கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் முழுவதும் மாறிவிடும். ஆகவே உளவு மென்பொருளை எழுதியவர்கள், ஒவ்வொரு முறை தரவிறக்கம் ஆகும்போதும் கோப்பு சற்றே வேறாக வெளிவரும்படி சர்வரை அமைத்தார்கள். ஒவ்வொரு கணினியிலும் வேறு கைரேகை, வேறு பெயர்.

அதற்கு எதிர்த்தரப்பு, கோப்பைப் பார்ப்பதைக் குறைத்து அதன் நடத்தையைப் பார்க்கத் தொடங்கியது. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் பட்டியலில் தன்னைச் சேர்க்கிறதா? உலாவிக்குள் நுழைகிறதா? விசைப்பலகையில் தட்டுவதைக் கேட்கிறதா? பெயரை மாற்றலாம், நடத்தையை மாற்றுவது கடினம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நல்ல புரோகிராம்களும் சில வேளைகளில் இதே காரியங்களைச் செய்கின்றன. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் விசைப்பலகையைக் கேட்கத்தான் செய்யும். அதைத் தவறுதலாகத் தடுத்துவிட்டால், ஒருவருடைய கண்ணைப் பிடுங்கியதற்குச் சமம். எனவே காவலர் ஒவ்வொரு முறையும் தயங்கியாக வேண்டும். திருடனுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இன்னொரு சமனின்மையும் இருக்கிறது. எதிர்ப்பு மென்பொருள் யாரும் வாங்கக்கூடிய பொருள். உளவு மென்பொருளை எழுதுபவரும் வாங்கலாம். தன் புதிய பதிப்பை வெளியிடும் முன், சந்தையில் உள்ள எல்லா எதிர்ப்பு மென்பொருள்களிலும் ஓட்டிப் பார்த்து, எதிலும் மாட்டாத வரை திருத்திக்கொண்டே இருக்கலாம். வினாத்தாளை முன்னதாகவே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதைப் போன்றது இது. தேர்வை நடத்துபவருக்கோ, எதிரியின் அடுத்த பதிப்பு யாரோ ஒருவரைத் தாக்கிய பிறகுதான் கைக்குக் கிடைக்கும்.

நீக்குவதையே ஆபத்தாக்கிவிடும் தந்திரங்களும் இருந்தன. சில மென்பொருள்கள் விண்டோஸின் இணையத் தொடர்பு போகும் வழியில் தங்களை ஒரு கண்ணியாகச் செருகிக்கொண்டன. அந்தக் கண்ணியை மட்டும் கழற்றினால் சங்கிலியே அறுந்து, இணையம் அடியோடு நின்றுவிடும். பயனர் யாரைத் திட்டுவார்? 'சுத்தம் செய்கிறேன்' என்று சொன்ன கருவியைத்தான். வேறு சில, கணினிக்குள் முகவரிக் குறிப்பேடு போல இருக்கும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறிய கோப்பைத் திருத்தின. எதிர்ப்பு மென்பொருள் புதிய பட்டியலைக் கேட்டுத் தன் சர்வருக்குப் போக முயன்றால், அந்த முகவரி எங்கும் போய்ச் சேராதபடி திருப்பிவிடப்பட்டிருக்கும். நீங்களே உதவி தேடிப் போனாலும் அதே கதிதான்.

இந்த ஒளிந்துபிடித்தலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யுக்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின்னால் வரப்போகும் பெரிய கதைக்கும் இதுவே திறவுகோல்.

ஒளிவதில் உச்சம், இயங்குதளத்தையே பொய் சொல்ல வைப்பது. 'இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன?' என்று எந்த புரோகிராம் கேட்டாலும் விண்டோஸ்தான் பதில் சொல்கிறது. அந்தப் பதில் வரும் வழியில் உட்கார்ந்து, தன் பெயரை மட்டும் உருவிவிட்டால் போதும். எதிர்ப்பு மென்பொருளும் விண்டோஸைத்தானே கேட்கிறது? அதற்கும் தெரியாது. ரூட்கிட் என்று அழைக்கப்படுவது இதுதான்.

2005 அக்டோபர் 31 அன்று, விண்டோஸ் நிபுணர் மார்க் ருஸினோவிச் ஒரு செய்தியை வெளியிட்டார். அவர் கணினியில் ஒரு ரூட்கிட் இருந்தது. திருட்டுத் தளத்திலிருந்து வந்ததல்ல. சோனி பிஎம்ஜி விற்ற இசைக் குறுந்தகட்டிலிருந்து வந்தது. பிரதியெடுப்பதைத் தடுப்பதற்காகச் சேர்த்த மென்பொருள், ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது. எந்தக் கோப்பையும் என்பதுதான் கொடுமை. அதே முன்னொட்டைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால் வேறொரு திருடனும் அந்த நிழலில் ஒளியலாம். சில நாட்களிலேயே அப்படி ஒளிந்தும்விட்டார்கள். நிறுவனம் அந்தக் குறுந்தகடுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? அவர் எழுதிய கருவி ஒரே கேள்வியை இரண்டு வழிகளில் கேட்டது. முதலில் விண்டோஸிடம் கோப்புகளின் பட்டியலைக் கேட்டது. பிறகு விண்டோஸின் அந்த வழியை விட்டுவிட்டு, வட்டில் எழுதப்பட்டிருப்பதை நேரடியாகப் படித்து இன்னொரு பட்டியல் தயாரித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. வட்டில் இருக்கிறது, விண்டோஸின் பட்டியலில் இல்லை என்றால், அதை யாரோ மறைக்கிறார்கள். மறைக்கப்பட்ட பொருள் இன்னதென்று முன்பே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கைரேகை வேண்டாம், பட்டியல் வேண்டாம். மறைத்தலே காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு கடையில் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருந்து, ஒன்றில் மட்டும் ஒரு பக்கத்தைக் கிழித்தால் எப்படி மாட்டுவார்களோ, அப்படி.

விலை கொடுத்து வாங்கும் ஒற்றன்

விளம்பரத்துக்காக உளவு பார்த்த நிறுவனங்கள் வழக்குகளாலும் அபராதங்களாலும் மெல்ல ஓய்ந்தன. ஸாங்கோவிடம் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2006-இல் 30 லட்சம் டாலர் வசூலித்தது. ஆனால் தொழில் அழியவில்லை, வாடிக்கையாளர் மாறினார். இப்போது வாங்குபவை அரசாங்கங்கள்.

இஸ்ரேலின் என்எஸ்ஓ குழுமம் 2010-இல் தொடங்கப்பட்டது. அதன் 'பெகாசஸ்' என்ற உளவு மென்பொருள் கைப்பேசிக்குள் புகுந்தால் செய்திகள், படங்கள், மைக், கேமரா, இருப்பிடம் என எல்லாம் மறுமுனையில் இருப்பவரின் கைக்குப் போய்விடும். குற்றவாளிகளையும் பயங்கரவாதிகளையும் பிடிக்க அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் பத்திரிகையாளர்கள், மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள், எதிர்க்கட்சியினர் ஆகியோரின் கைப்பேசிகளில் அது மீண்டும் மீண்டும் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

2016 ஆகஸ்டில், ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய ரகசியங்கள் இந்த இணைப்பில் உள்ளன என்றது அது. அவர் தொடவில்லை. முன்பும் அவரைக் குறிவைத்திருந்தார்கள், பட்டவர் அவர். செய்தியை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்குள்ள ஆய்வாளர்கள் அந்த இணைப்பைத் தங்கள் சோதனைக் கைப்பேசியில் திறந்து, லுக்அவுட் என்ற பாதுகாப்பு நிறுவனத்துடன் சேர்ந்து ஆராய்ந்தபோது, ஐபோனில் அதுவரை ஆப்பிளுக்கே தெரியாதிருந்த மூன்று ஓட்டைகள் வெளிப்பட்டன. சில நாட்களிலேயே, ஐஓஎஸ் 9.3.5 அப்டேட் மூலம் ஆப்பிள் அவற்றை அடைத்தது.

தயாரித்தவருக்கே தெரியாத இத்தகைய ஓட்டையை 'ஜீரோ டே' என்பார்கள். சரிசெய்ய அவருக்குக் கிடைத்த நாள் பூஜ்யம் என்று பொருள். பழைய ஸ்பைவேர் பயனரை ஏமாற்றி நுழைந்தது. இது பயனரைக் கேட்பதே இல்லை. 2016-இல் ஓர் இணைப்பையாவது தொட வேண்டியிருந்தது. 2019-இல் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தாலே போதும், எடுக்கவும் வேண்டியதில்லை. அந்த வழியில் சுமார் 1,400 கருவிகள் குறிவைக்கப்பட்டன. 2021-இல் ஐபோனின் செய்திச் சேவையான ஐமெசேஜ் வழியாக வந்தது இன்னும் நுட்பமானது. அசையும் படம் போலப் பெயர் சூட்டிய ஒரு கோப்பு. உள்ளே இருந்தது பிடிஎஃப். ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்கப் பயன்படும் பழைய ஒரு முறையின் பிழையை அது பயன்படுத்தியது. கூகுளின் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது திகைத்துப்போனார்கள்: படத்தை விரிப்பதற்கான கட்டளைகளை 70,000-க்கும் மேல் அடுக்கி, அவற்றையே தர்க்கச் சுற்றுகளாக்கி, கைப்பேசிக்குள் ஒரு சிறு கணினியையே கட்டியிருந்தார்கள். இவ்வளவு பெரிய திறமை ஒரு பத்திரிகையாளரின் தொலைபேசியைத் திறப்பதற்குச் செலவாகியிருக்கிறதே என்பது எனக்கு ஆற்ற முடியாத வருத்தம்.

இத்தகைய ஒற்றனை எப்படிப் பிடிப்பது? ஐபோனில் ஒரு செயலி மற்ற செயலிகளின் உள்ளே பார்க்க அனுமதி இல்லை. பாதுகாப்புக்காகப் போட்ட அந்தச் சுவர், எதிர்ப்பு மென்பொருளையும் வெளியே நிறுத்திவிடுகிறது. கணினியில் ஓடுவது போல முழுமையாகச் சோதிக்கும் ஸ்பைவேர் ஸ்கேனர் ஐபோனுக்கு இல்லாததற்கு இதுதான் காரணம். மிஞ்சியிருப்பவை, கைப்பேசி தன் போக்கில் எழுதிவைக்கும் குறிப்பேடுகள்.

அவற்றில் ஒன்று, எந்த நிரல் எவ்வளவு இணையத் தரவைச் செலவழித்தது என்ற கணக்கு. அதில் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் நிரல்களின் பெயர்கள்; இன்னொன்றில் ஒவ்வொன்றும் செலவழித்த தரவின் அளவு. பெகாசஸும் தரவை அனுப்பியாக வேண்டும், ஆகவே அதன் பெயரும் அங்கே பதிவாகிவிடும். இதை அறிந்த அதன் தயாரிப்பாளர்கள், பெயர் அட்டவணைக்குள் போய்த் தங்கள் வரியை அழித்தார்கள். செலவு அட்டவணையில் இருந்த வரியை அழிக்கத் தவறிவிட்டார்கள். விளைவு: தரவு செலவாகியிருக்கிறது, செலவழித்தவரின் பெயர் இல்லை. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் பாதுகாப்பு ஆய்வகமும் சிட்டிசன் லேபும் 2021-இல் இந்த முரண்பாட்டை வெளியிட்டன. ருஸினோவிச் செய்ததும் இதேதான்: இரண்டு கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது. பதினாறு ஆண்டுகளில் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. மாட்டும் இடம் அப்படியே இருக்கிறது. இத்தகைய தடயங்களைத் தேடும் 'எம்விடி' என்ற கருவியை அம்னெஸ்டி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது.

கொடுத்ததும் எதிர்த்தரப்பும் அதைப் படிக்கும். அடுத்த பதிப்பில் அந்த இரண்டாவது வரியும் அழியும். ஒரு தடயத்தை வெளியிட்டால் அது எதிரிக்கும் பாடமாகிறது. வெளியிடாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு ஆதாரம் இல்லை. ஒவ்வோர் ஆய்வறிக்கையின் பின்னாலும் இந்த இழுபறி இருக்கிறது. சில தடயங்களைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதாக ஆய்வாளர்களே எழுதுவதுண்டு. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

கருவிக்குள் பார்க்க முடியாதபோது வாசலில் நின்று பார்ப்பதும் ஒரு வழி. 2023 ஜூனில் காஸ்பர்ஸ்கி, தன் ஊழியர்களின் ஐபோன்களே தாக்கப்பட்டதை வெளியிட்டது. கண்டுபிடித்தது கைப்பேசியைத் திறந்து அல்ல. அலுவலக வைஃபையில் ஓடிய போக்குவரத்தில் சந்தேகத்துக்குரிய அசைவைப் பார்த்து. நான்கு ஜீரோ டே ஓட்டைகளைச் செலவிட்டுக் கட்டிய ஒற்றனும், கண்டதைச் சொல்ல வெளியே வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

நீதிமன்றமும் திரும்பியிருக்கிறது. முன்பு உளவு மென்பொருளாளர்கள் வழக்குப் போட்டார்கள். இப்போது அவர்கள்மேல் போடுகிறார்கள். வாட்ஸ்அப் 2019-இல் என்எஸ்ஓ மீது வழக்குத் தொடர்ந்தது. அதற்குப் பிறகும் வாட்ஸ்அப் வழியாக நுழையும் புதிய முறையை அந்நிறுவனம் பயன்படுத்தியது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. 2024 டிசம்பரில் என்எஸ்ஓ பொறுப்பு என்று தீர்ப்பானது. 2025-இல் ஜூரி விதித்த 16 கோடி டாலருக்கும் மேற்பட்ட தண்டத் தொகையை நீதிபதி பின்னர் பெருமளவு குறைத்தார். ஆனால் வாட்ஸ்அப்பைக் குறிவைக்கக் கூடாது என்று நிரந்தரத் தடையும் விதித்தார்.

வீட்டுக்குள்ளிருந்தே வருவது

அரசாங்கம் உங்களைத் தேடி வராமல் இருக்கலாம். கூட வாழ்பவர் வரலாம். துணைவரின் கைப்பேசியைக் கண்காணிக்கச் சில நூறு டாலருக்கும் குறைவாக விற்கப்படும் செயலிகள் உண்டு. 'ஸ்டாக்கர்வேர்' என்று பெயர். இதற்கு ஜீரோ டே தேவையில்லை. தூங்கும்போது கைப்பேசியை எடுத்து, தெரிந்த கடவுஎண்ணைப் போட்டு நிறுவிவிடுகிறார்கள். 'பிள்ளைகளின் பாதுகாப்புக்கு' என்ற முகமூடியோடு விற்பதால், பல பாதுகாப்பு மென்பொருள்கள் நெடுங்காலம் இவற்றைக் கண்டும் காணாமல் இருந்தன. பெயர் வைக்கும் சண்டை இங்கே மறுபடி நடந்தது. 2019-இல் பாதுகாப்பு நிறுவனங்களும் குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

இங்கே எதிர்ப்பு மென்பொருளை எழுதுபவர் தன் வேலையின் அடிப்படையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கமாகக் கண்டதும் நீக்குவதுதான் பெருமை. ஆனால் ஸ்டாக்கர்வேரை நீக்கினால், அதை வைத்தவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். அடுத்து அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று மென்பொருளால் சொல்ல முடியாது. எனவே நல்ல கருவிகள் முதலில் எச்சரிக்கின்றன. நீக்கும் முன் அதன் விளைவை விளக்குகின்றன. கைப்பேசியில் எதையுமே நிறுவாமல், அது இணையும் வைஃபையை மட்டும் தனியாக ஒரு சிறு கணினியில் கவனித்து, தகவல் எங்கே போகிறது என்று பார்க்கும் 'டைனிசெக்' என்ற கருவியும் 2020-இல் வந்தது. கைப்பேசியில் உட்கார்ந்திருக்கும் ஒற்றனுக்குத் தன்னைச் சோதிப்பது தெரியவே தெரியாது. இப்படி ஒரு சந்தேகம் யாருக்காவது இருந்தால், செயலியை அழிப்பதற்கு முன், வேறொருவரின் தொலைபேசியிலிருந்து உதவி அமைப்பு ஒன்றோடு பேசிவிடுவது நல்லது.

மற்றவர்களுக்கு: அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், அதில் யாரோ ஒருவருக்கு நேர்ந்த தாக்குதலின் மருந்து இருக்கக்கூடும். கைப்பேசியை அவ்வப்போது அணைத்துத் திறப்பதும் பயனுள்ளதே, ஏனென்றால் உயர்தர உளவு மென்பொருள்கள் பல, மறுதொடக்கத்தைத் தாண்டி நிலைப்பதில்லை. மறுபடியும் தாக்கியாக வேண்டும். குறிவைக்கப்படும் வேலையில் இருப்பவர்கள் தாக்குதலுக்கு வழியாகக்கூடிய சில வசதிகளை முடக்கிவைக்கும் ஐபோனின் 'லாக்டவுன்' நிலையை இயக்கிக்கொள்ளலாம். 2022 முதல் அது கிடைக்கிறது. சந்தேகத்துக்குரிய செய்தி வந்தால், பயந்து அழித்துவிடாமல் அப்படியே வைத்திருந்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

மன்சூர் செய்தது அதைத்தான். அவர் அழிக்காமல் அனுப்பிவைத்த ஒரு குறுஞ்செய்தியால் உலகெங்கும் உள்ள ஐபோன்களில் மூன்று ஓட்டைகள் அடைபட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். 2018-இல் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.